வாரத்துக்கு ஒரு மனநலப் பீரியட் வைத்தால் ஆயிற்றா?

வாசகர் கேள்வி, 11 ஜூன் 2024

மகன் ஏழாம் வகுப்பு. இந்த ஆண்டு முதல் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்டை 'மனநல வகுப்பு' ஆக்கியிருக்கிறார்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்களாம். "எல்லாரும் கண்ணை மூடினதும் பின் பெஞ்சிலிருந்து பேப்பர் ராக்கெட் பறக்குதும்மா" என்கிறான். இதற்குப் பதிலாக ஒரு நல்ல கவுன்சலரை வேலைக்கு வைத்தால் போதும் என்பது என் கட்சி. ஒன்றுமே இல்லாததற்கு இதாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்பது கணவர் கட்சி. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் சொல்லுங்கள்.

11 ஜூன் 2024, இரவு

நான் கணக்கு வாத்தியார். கிளாஸ் டீச்சர் வேலையும் உண்டு. உங்கள் வீட்டின் இரண்டு கட்சியிலும் சேர மனம் வரவில்லை.

கண்ணை மூடும் வகுப்பை முதலில் பார்த்துவிடலாம். இதைப் பற்றி யூகத்தில் சண்டை போட வேண்டியதில்லை, பெரிய அளவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். பிரிட்டனில் 'மிரியட்' என்று ஓர் ஆய்வு. 80க்கும் மேற்பட்ட பள்ளிகள், 11 முதல் 14 வயதுக்குள் 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள். ஒரு பாதிப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மூச்சையும் மனதையும் கவனிப்பதைப் பாடமாகவே நடத்தச் சொன்னார்கள். மறுபாதி வழக்கமாகச் செய்வதையே செய்தது. 2022இல் முடிவு வந்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். மனச்சோர்விலும் வித்தியாசம் இல்லை, நடத்தையிலும் இல்லை. ஏற்கெனவே மனக்கஷ்டத்தில் இருந்த பிள்ளைகள் சிலருக்கு அது கொஞ்சம் பாதகமாகவே போயிருக்கலாம் என்பதற்கும் அறிகுறி இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அதைச் செய்து பார்க்கவே இல்லை.

எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. வகுப்பு நடத்திய ஆசிரியர்களுக்குக் கொஞ்ச நாளைக்காவது சோர்வு குறைந்திருக்கிறது. ஆக, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்டில் கண்ணை மூட வேண்டியவர்கள் நாங்கள்தான் போலிருக்கிறது.

உங்கள் மகனைத் திட்டாதீர்கள். அவன் கொண்டுவந்தது கள அறிக்கை.

12 ஜூன் 2024

கவுன்சலர் விஷயம். வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் ஓர் ஆளை நியமித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. அமெரிக்காவில் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஒருவர் என்று கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்குக்கு எட்டாத பள்ளிகள்தான் அதிகம். எட்டின இடத்திலும் அட்மிஷன் ஃபாரம் சரிபார்க்க, லீவு போட்ட டீச்சரின் வகுப்பைக் கவனித்துக்கொள்ள, ஆண்டு விழாவுக்கு மைக் பிடிக்க என்று அவரை எல்லாரும் இழுப்பார்கள்.

நான் முன்பு இருந்த ஒரு பள்ளியில் கவுன்சலர் அறை ஹெச்.எம். அறைக்கு நேர் எதிரே இருந்தது. கண்ணாடிக் கதவு. வெளியே ஒரு பெஞ்ச். தண்டனைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளும் அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். இது போதாதென்று ஸ்பீக்கரில் அறிவிப்பு வேறு: "எட்டாம் வகுப்பு பி பிரிவு, இன்னார், உடனே கவுன்சலர் அறைக்கு வரவும்." பெயர் வந்ததும் வகுப்பே "ஓஓஓ" என்று இழுக்கும். அந்தப் பெண் எழுந்து போவாள். திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு பட்டப்பெயர் தயாராக இருக்கும். இரண்டாம் முறை யார் போவார்கள்?

அந்தக் கவுன்சலர் மேடம் கெட்டிக்காரர். சில மாதம் காலி அறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இடைவேளைகளில் நூலகத்துக்கு வந்துவிட்டார். பழைய புத்தகங்களுக்கு லேபிள் ஒட்டும் வேலையை வலியப் போய் வாங்கிக்கொண்டார். உதவிக்கு யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டார். முகத்தைப் பார்த்துப் பேச வராத பிள்ளைகள், பசை தடவிய லேபிளைப் பார்த்துக்கொண்டே என்னென்னவோ சொன்னார்கள். கை வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறக்கிறது. லேபிள் பாதிக்கு மேல் கோணல். நூலகர் புலம்பிக்கொண்டே இருந்தார்.

நியமிக்கும் முன் பள்ளியிடம் கேட்க வேண்டியது அறை எங்கே, கூப்பிடுவது எப்படி என்பதை. சம்பளம், பட்டமெல்லாம் அதற்குப் பிறகு.

14 ஜூன் 2024

"கவுன்சலருக்கு எங்கே போவது, ஆசிரியர்களே அந்த வேலையைப் பார்க்கக் கூடாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கும் ஆய்வு இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே. பீகாரில் நாளந்தா மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 'சேஹர்' என்ற திட்டம். சுவரிதழ், மனதில் உள்ளதை எழுதிப் போட ஒரு பெட்டி, காலைக் கூட்டத்தில் பேச்சு, வேண்டியவர்களுக்குத் தனி ஆலோசனை, இவ்வளவுதான் அதன் சரக்கு. சில பள்ளிகளில் இதை நடத்தியது ஆசிரியர். வேறு சில பள்ளிகளில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, ஆனால் இதற்கென்றே பயிற்சி பெற்ற வெளி ஆள். 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவு: வெளி ஆள் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் நன்றாக மேம்பட்டது, மனச்சோர்வும், பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேலி செய்து வாட்டும் சீண்டலும், வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை.

அதே பெட்டி, அதே சுவரிதழ். ஆள்தான் வேறு.

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் யோசித்தால் ஆச்சரியமில்லை. காலையில் மார்க் குறைந்ததற்கு முறைத்துவிட்டு மாலையில் "மனசுவிட்டுப் பேசு" என்றால் எந்தப் பிள்ளை பேசும்? பெட்டியில் சீட்டுப் போட்டால் கையெழுத்தை வைத்தே நான் ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று என் வகுப்புக்குத் தெரியும்.

14 ஜூன் 2024, சற்று நேரம் கழித்து

அப்படியானால் ஆசிரியருக்கு இதில் வேலையே இல்லை என்று அர்த்தம் ஆகிவிடக் கூடாது. ஆலோசனை சொல்லும் வேலைதான் எங்களுக்கு ஒத்துவராது. கவனிக்கும் வேலையை எங்களைவிட நன்றாகச் செய்ய ஆள் கிடையாது. நாளைக்கு விடைத்தாள் கட்டு இருக்கிறது, விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

19 ஜூன் 2024

கவனிப்பது என்றால் என்ன என்று எழுதுகிறேன். போஸ்டரில் போடுகிற "சோகமாக இருப்பார்கள், தனிமையை விரும்புவார்கள்" வகை அறிகுறிகள் வகுப்பறையில் அவ்வளவாக உதவாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை மனச்சோர்வில் சோகமாகத்தான் இருக்கும் என்றில்லை. எரிந்து விழும். பெஞ்சை உதைக்கும். நாம் அதை 'திமிர்' என்று எழுதி ஹெச்.எம்.மிடம் அனுப்புவோம்.

நான் பார்ப்பது வேறு மாதிரிச் சின்ன விஷயங்கள். வருகைப் பதிவேட்டை நெடுக்கே படிக்காமல் குறுக்கே படிப்பேன். ஒரு பிள்ளை எந்தக் கிழமைகளில் வரவில்லை என்று பார்த்தால் கதை புரியும். திங்கள்தோறும் வயிற்றுவலி என்றால் ஒன்று. பி.டி. பீரியட் உள்ள நாட்களில் மட்டும் என்றால் வேறொன்று. உடை மாற்றும் இடத்தில் யாரோ எதையோ செய்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். அந்த வயிற்றுவலி நடிப்பும் அல்ல. பயம் வந்தால் குடல் முறுக்கிக்கொள்வது உடம்பின் வேலை, பிள்ளைக்கு நிஜமாகவே வலிக்கும். "சும்மா சொல்றான்" என்று சொன்ன நிமிடத்திலிருந்து அவன் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டான்.

அப்புறம் விடைத்தாள். ரப்பரால் தேய்த்துத் தேய்த்து ஓட்டை விழுந்த தாள் ஒன்று என் கட்டில் அடிக்கடி வரும். விடை சரியாகவே இருக்கும். எழுதியதை அழித்து, திரும்ப அதையே எழுதி, மறுபடி அழித்து, கடைசிக் கணக்குக்கு நேரம் இல்லாமல் விட்டிருக்கும். 95 மார்க் வாங்கும் பிள்ளை என்பதால் அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவரும் கவலைப்பட்டதில்லை. "இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டே?" என்று மட்டும் கேட்டேன். உதடு கடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் தானாக வந்து, ராத்திரி தூக்கம் வருவதில்லை சார் என்றாள். அதற்கு மேல் நான் தோண்டவில்லை. லேபிள் ஒட்டுகிற மேடத்திடம் கூட்டிக்கொண்டு போய் விட்டேன்.

குழுவாகப் பிரியச் சொன்னதும் தண்ணீர் குடிக்கக் கிளம்பும் பிள்ளை, இடைவேளையில் வலிய வந்து போர்டு அழிக்கும் பிள்ளை, யாரும் வருவதற்குள் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துவிடும் பிள்ளை. இவர்களுக்கெல்லாம் ஏதோ இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. போர்டு அழிப்பதில் ஆசை உள்ள பிள்ளையும் உண்டு. மாற்றம்தான் முக்கியம். எப்போதும் அமைதியாக இருப்பவள் அமைதியாக இருந்தால் அது அவள் சுபாவம். வாயாடி ஒருத்தி ஒரு மாதமாக வாயே திறக்கவில்லை என்றால் போய்ப் பேச வேண்டும். இந்த வித்தியாசம் தெரிய, பிள்ளையை முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரு வகுப்பில் அறுபது பேர் என்றால் எனக்குப் பாதிப் பேரைப் பெயரோடுதான் தெரியும், ஆளாகத் தெரியாது. வகுப்பைச் சிறியதாக்குவதும் மனநலத் திட்டம்தான், ஆனால் அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது.

20 ஜூன் 2024

"மனநோய்களில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது" என்று ஒருவர் கீழே போட்டிருக்கிறார். எல்லாப் பயிலரங்கிலும் முதல் ஸ்லைடு இதுதான். இது 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றிலிருந்து வந்தது. பெரியவர்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு எப்போது தொடங்கியது என்று நினைவிலிருந்து கேட்டது. பிறகு பல நாடுகளின் 192 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது வேறு: 14 வயதுக்குள் சுமார் மூன்றில் ஒரு பங்கு, 18க்குள் ஏறக்குறையப் பாதி. மிக அதிகமாகத் தொடங்கும் வயது பதினான்கரை. எப்படிப் பார்த்தாலும் பள்ளிச் சீருடைக்குள்தான் தொடங்குகிறது. ஆனால் எண்ணைச் சரியாகச் சொல்லுங்கள், கணக்கு வாத்தியார் படித்துக்கொண்டிருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயதுக்குள் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு என்கிறது. இதை வைத்து "என் வகுப்பில் எட்டு பேர், யார் அந்த எட்டு" என்று வலை வீசக் கிளம்பாதீர்கள். அது உலகச் சராசரி. உங்கள் வகுப்பில் நான்கும் இருக்கலாம், பதினைந்தும் இருக்கலாம்.

3 ஜூலை 2024

"நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், இப்போது பிள்ளைகளுக்குப் பூஞ்சை மனசு" என்று எழுதியவருக்கு.

வளர்ந்தவர்கள்தான் வந்து சொல்கிறீர்கள். பாதியில் நின்றவர்கள் யாரும் இங்கே எழுதுவதில்லை. என்னோடு படித்தவர்களில் கணக்குப் பீரியட்டுக்குப் பயந்து பள்ளியை விட்டவன் ஒருவன் உண்டு. அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை, பெருக்கலை மனதிலேயே போடுவான். வாய்ப்பாடு சொல்லும்போது திக்கும். திக்கினால் அடி. அடிக்குப் பயந்தால் இன்னும் திக்கும்.

ஆனால் உங்கள் பேச்சில் ஒரு நியாயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கு முன் வருகிற சாதாரணப் படபடப்புக்கெல்லாம் 'ஆங்ஸைட்டி' என்று பெயர் வைத்து, பிள்ளையும் அதையே தன் பெயராக எடுத்துக்கொள்ளும் பழக்கம் வந்திருக்கிறது. இதைப் பற்றி ஆராய்ச்சியாளர்களும் பேசுகிறார்கள்: எல்லாருக்கும் பொதுவாக மனநோய்ப் பாடம் நடத்தினால், சிலர் சாதாரண வருத்தத்தையும் நோயாகப் படிக்கத் தொடங்கலாம் என்று. ஆஸ்திரேலியாவில் எல்லா மாணவருக்கும் பொதுவாக நடத்திய ஓர் உணர்ச்சிப் பயிற்சி வகுப்புக்குப் பிறகு, பிள்ளைகளின் மனநிலையும் பெற்றோருடனான உறவும் கொஞ்சம் கெட்டிருந்தது. நல்லெண்ணத்தில் செய்தாலும் கெடுக்கலாம். படபடப்பு வந்தால் "உனக்கு வியாதி" என்றும் சொல்ல வேண்டாம், "ஒன்றுமில்லை போ" என்றும் சொல்ல வேண்டாம். "கை சில்லென்று ஆகுதா? எனக்கும் ஆகும். முதல் கணக்கு சுலபமானதாப் பார்த்து எடு" என்றால் முக்கால்வாசிப் பேருக்கு அது போதும். போதாத கால்வாசிக்குத்தான் கவுன்சலர்.

4 ஜூலை 2024

மேலே முக்கால், கால் என்றது பேச்சுவழக்கு. ஆய்வு எங்கே என்று கேட்காதீர்கள்.

10 ஜூலை 2024

தமிழாசிரியர் ஒருவர் கேட்டிருப்பது கனமான கேள்வி. கட்டுரை நோட்டில் ஒரு மாணவன் "நான் இல்லாமல் போனால் யாருக்கும் கஷ்டம் இருக்காது" என்று எழுதியிருக்கிறான். தலைப்போடு சம்பந்தமே இல்லாத வரி. கேட்டால் இல்லாத எண்ணத்தையும் நாமே விதைத்துவிடுவோமோ என்று பயம்.

கேளுங்கள். இன்றைக்கே, தனியாக, நேராக: "செத்துப்போகணும்னு தோணுதா?" இப்படிக் கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. நியூயார்க் மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து இதையே சோதித்து, 2005இல் வெளியிட்டார்கள். கேட்கப்பட்டவர்களுக்குத் தற்கொலை எண்ணமோ மன வேதனையோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்டது கொஞ்சம் ஆறுதலாகவே இருந்திருக்கிறது.

"யாரிடமும் சொல்ல மாட்டேன், சத்தியமா" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொல்றதை எல்லார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா உதவக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லியே ஆவேன், யார்கிட்டன்னு உனக்கும் சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பதே நேர்மை. ஆம் என்றால் தனியாக விடக் கூடாது. கவுன்சலர், ஹெச்.எம்., பெற்றோர், மருத்துவர், அன்றே. வீட்டிலேயே அடி, தொந்தரவு என்று தெரிந்தால் முதல் போன் வீட்டுக்குப் போகக் கூடாது. குழந்தைப் பாதுகாப்புக்கு உரியவர்களிடம் போக வேண்டும். கட்டுரை நோட்டில் சிவப்பு மையில் "நம்பிக்கை கொள்!" என்று எழுதித் திருப்பிக் கொடுப்பது மட்டும் வேண்டாம்.

பிள்ளை திரும்பிப் பள்ளிக்கு வரும் நாளைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கும், எல்லாரும் தெரியாதது போல நடிப்பார்கள். அவனுக்கு அதுதான் நரகம். முந்தின நாளே அவனைக் கேட்டு, யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு வரியைத் தயார் செய்து கொடுங்கள். "உடம்பு சரியில்லை, இப்ப பரவாயில்லை" போதும். விட்டுப்போன வீட்டுப்பாடத்தை மொத்தமாகத் தலையில் கட்டாதீர்கள்.

11 ஜூலை 2024

இதன் தொடர்ச்சியாக ஒரு நல்ல செய்தி. பத்து ஐரோப்பிய நாடுகள், 168 பள்ளிகள், 11,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். 2015இல் வந்த ஆய்வு. மூன்று வழிகளைச் சோதித்தார்கள். ஆசிரியர்களுக்கு அடையாளம் காணும் பயிற்சி ஒன்று. கேள்வித்தாள் கொடுத்து ஆபத்தில் உள்ளவர்களைச் சலித்து எடுப்பது ஒன்று. மூன்றாவதில் பிள்ளைகளையே சின்னச் சின்னக் காட்சிகளாக நடிக்க வைத்தார்கள்: நண்பன் இப்படிச் சொன்னால் நீ என்ன செய்வாய், வீட்டில் சண்டை என்றால் யாரிடம் போவாய் என்று. மொத்தம் ஐந்து மணி நேரம்தான், நான்கு வாரத்தில். ஓராண்டு கழித்துப் பார்த்தால், நடித்துப் பேசிய பிள்ளைகளிடையே தற்கொலை முயற்சிகள் மற்றவர்களோடு ஒப்பிடப் பாதியளவுக்குக் குறைந்திருந்தன. ஆசிரியர் பயிற்சியும் சலிப்பதும் அப்படி எடுபடவில்லை.

பீகார் ஆய்வையும் இதையும் சேர்த்துப் படித்தபோது, ஜூன் 19 குறிப்பில் நான் கொஞ்சம் அதிகமாகவே மார்தட்டிக்கொண்டேனோ என்று தோன்றுகிறது. வாத்தியார் கண் கூர்மையானதுதான். ஆனால் பிள்ளை முதலில் சொல்வது பக்கத்து பெஞ்சிடம். அந்தப் பக்கத்து பெஞ்சுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். நண்பனின் ரகசியத்தை உடைப்பது துரோகம் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

ஆகவே கேள்வி கேட்ட அம்மாவுக்கு: அந்த வெள்ளிக்கிழமைப் பீரியட்டை ரத்து செய்யச் சொல்லாதீர்கள். கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். எழுந்து நின்று நடிக்கட்டும். ராக்கெட் விடுபவன்தான் முதல் கதாநாயகன்.

24 ஜூலை 2024

சீண்டல் பற்றிப் பலரும் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக. சீண்டுபவனைத் தண்டி, சீண்டப்பட்டவனைத் தேற்று என்பது பழைய வழி. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான 'கிவா' திட்டம் மூன்றாவது கூட்டத்தைப் பிடித்தது: சுற்றி நின்று சிரிப்பவர்கள். சிரிப்பு நின்றால் சீண்டலில் ருசி போய்விடும். முன்னே போய்ச் சண்டை போடும் தைரியம் எல்லாப் பிள்ளைக்கும் வராது, வர வேண்டியதும் இல்லை. மறுநாள் சீண்டப்பட்டவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ஜாமெட்ரி பாக்ஸ் கொடு" என்று கேட்டால் போதும். இதை வகுப்பில் சொல்லிக் கொடுக்கலாம், நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

இருவரையும் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கை குலுக்க வைக்கும் சமாதான நாடகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கைகுலுக்கலுக்கு விலை, பள்ளி விட்டதும் கேட்டுக்கு வெளியே வசூலிக்கப்படும்.

25 ஜூலை 2024

ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: "மாணவர்களைக் கேலி செய்து அவமானப்படுத்தும் ஆசிரியருக்கு என்ன திட்டம்?"

ஒன்றும் இல்லை. விடைத்தாளைக் குறைந்த மார்க்கிலிருந்து மேலே வரிசையாகப் பெயர் சொல்லிக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மனநலப் பீரியட் மூச்சுப் பயிற்சி எல்லாம் இங்கே கணக்கில் கழிந்துவிடும். நான் தாளைத் தலைகீழாகக் கவிழ்த்து அவரவர் மேசையில் வைத்துவிடுவேன். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை, பயிலரங்கு தேவையில்லை. மற்ற ஆசிரியர்களிடம் சொன்னால் "போட்டி மனப்பான்மை போய்விடும் சார்" என்கிறார்கள். கடைசி மார்க் வாங்குபவனுக்கு முதல் மார்க் வாங்குபவனோடு என்ன போட்டி?

5 ஆகஸ்ட் 2024

பேச்சு தூக்கத்துக்குப் போய்விட்டது, போகட்டும், அதுவும் இதுதான். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவ வயதில் உடம்பின் தூக்கக் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது. பத்து மணிக்குப் படு என்றால் அவர்களுக்கு வராது. போனையும் திட்டுங்கள், ஆனால் முழுப் பழியும் போனுக்கு இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இலேயே, பெரிய வகுப்புகள் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்றது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016இல் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50இலிருந்து 8.45 ஆக்கிப் பார்த்தார்கள். பிள்ளைகள் அந்த நேரத்தையும் ராத்திரி விழித்தே கழிப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இல்லை, அரை மணிக்கு மேல் கூடுதலாகத் தூங்கினார்கள்.

இதைப் படித்துவிட்டு விடியற்காலை ஸ்பெஷல் கிளாஸ் வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னேன். பெற்றோர்களே எழுந்து எதிர்த்தார்கள்.

2 செப்டம்பர் 2024

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். பள்ளியில் பேசினாராம், நடிப்புக்கு ஹெச்.எம். சரி என்றிருக்கிறார். ஆனால் இப்போது வேறு பிரச்சினை: மகனின் வகுப்புத் தோழன் ஒருவன் காய்ச்சலுக்குப் பிறகு மூன்று வாரமாகப் பள்ளிக்கே வரவில்லை. உடம்பு சரியாகிவிட்டது. காலையில் ஷூ வரைக்கும் போடுகிறான், அதற்கு மேல் அழுகை. அந்தப் பையனின் அம்மா இவரிடம் யோசனை கேட்டிருக்கிறார்.

நாள் போகப் போகக் கஷ்டம்தான் கூடும், அதனால் காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருந்தால் பயம் உடனே அடங்குகிறது. அந்த நிம்மதிதான் மறுநாள் பயத்தைப் பெரிதாக்குகிறது. அதற்காகத் தூக்கிக் கொண்டுபோய் கேட்டில் விட்டுவிட்டும் வரக் கூடாது. முதலில் எதற்குப் பயம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அம்மாவைப் பிரிய பயமா, வகுப்பில் யாரிடமாவது பயமா, விட்டுப்போன பாடத்துக்கா. மூன்றுக்கும் மருந்து வேறு. பிறகு படிப்படியாக: பள்ளி விட்ட பிறகு வந்து வெறும் மைதானத்தில் நடப்பது, அடுத்து நூலகத்தில் ஒரு மணி நேரம், அடுத்து அவனுக்குப் பிடித்த ஒரே ஒரு பீரியட். ஒரு படியில் பயம் குறைந்த பிறகு அடுத்தது. கேட்டில் தினமும் ஒரே ஆள் நின்று கூட்டிப்போக வேண்டும். அது வாட்ச்மேனாக இருந்தாலும் சரி, அவனுக்குப் பிடித்தவராக இருந்தால். வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில் டிவியும் கேமும் வேண்டாம், தண்டனைக்காக அல்ல, அது பள்ளி நேரம் என்பதற்காக. இரண்டு வாரம் முயன்றும் நகரவில்லை என்றால் குழந்தை மனநல மருத்துவரைப் பார்க்கட்டும்.

வருகைப் பதிவேட்டில் பாதி நாள் வந்ததைப் பாதி நாளாகவே போடச் சொல்லுங்கள். 'ஆப்சென்ட்' என்று சிவப்பில் போட்டு, அதைக் காலையில் உரக்கப் படித்தால், அவன் ஏறி வந்த படியெல்லாம் போச்சு. இதை அந்த கிளாஸ் டீச்சரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். தயங்கினால் எப்படிக் கேட்பது என்று எழுதித் தருகிறேன். பையனின் வயதையும், அவன் கடைசியாக எந்தப் பீரியட்டில் சந்தோஷமாக இருந்தான் என்பதையும் மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.